பிறகு நினைவூட்டு

இந்த ஊரில் காற்றில்லாதபோதே ஏறிக்கொள்ள வேண்டும்.
வருஷத்தில் அப்படி நாற்பது காலைகள் கிடைத்தால் அதிகம்.
மற்ற நாளெல்லாம் நீரிணையிலிருந்து கிளம்பி வரும்;
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு கடக்க.

நான் கூரைக்காரன். புந்தா அரேனாஸின் தகரங்களுக்கு
என் சுத்தியலைத் தெரியும்.
வீட்டுக்காரர்களிடம் எப்போதும் ஒன்றுதான் சொல்வேன்:
தகடு பறப்பதில்லை அம்மா,
முதலில் ஓர் ஆணி தளர்கிறது.

இதைச் சொன்ன வாயை வைத்துக்கொண்டுதான்
மார்ச்சிலிருந்து
திரையின் மூலையில் எட்டிப் பார்த்த சின்னப் பெட்டியை
‘பிறகு நினைவூட்டு’ என்று திருப்பி அனுப்பினேன்.
கையில் தார். சூப் ஆறிக்கொண்டிருந்தது.
இன்னொரு நாள் ஆட்டத்தில் பெனால்ட்டி.
அதுவும் மரியாதையாகப் போய்விடும், மறுநாள் வரும்.
என் கடன்காரர்கள் யாரும் அவ்வளவு பொறுமைசாலிகள் இல்லை.

அக்டோபரில் ஒரு மின்னஞ்சல்: உங்கள் பார்சல் நிற்கிறது.
உண்மையாகவே நான் பார்சலுக்குக் காத்திருந்தேன்,
ஆயிரத்திருநூறு திருகாணிகள், சந்தியாகோவிலிருந்து.
அனுப்பியவர் முகவரியில் ஓர் எழுத்து கூடுதல்.
அரை விரற்கடைச் சரிவைக் கீழே நின்றே சொல்கிறவன்
அந்த ஓர் எழுத்தைப் பார்க்கவில்லை.
திறந்தேன்.

பத்தொன்பது வருஷத்து அளவுகள், ரசீதுகள், படங்கள்,
ஒவ்வொன்றும் தன் பெயரை மறந்து
வாய்க்குள் நுழையாத ஒரு வாலை ஒட்டிக்கொண்டது.
நடுவில் ஒரு கடிகாரம், பின்னோக்கி.
எழுபத்திரண்டு மணி நேரம், பணம், நன்றி.
அந்த ‘நன்றி’யில்தான் எனக்கு வியர்த்தது.
இணையக் கம்பியைப் பிடுங்கினேன்.
அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்
என்றாள் நெலிதா ஓயார்சுன், மறுநாள்,
பெட்டியை மார்போடு அணைத்து
மறுகையால் கயிறு பிடித்து நான் போய் நின்றபோது.

“பணம் கொடுத்துவிடட்டுமா?”
“திருடன் எழுதித் தரும் ரசீதை நம்புவாயா, கார்கமோ?”

நகல் இருக்கிறதா என்றாள்.
இருந்தது. சனிக்கிழமைகளில் கணக்குப் பார்க்க வரும் ஒஃபெலியா
பிப்ரவரியில் எல்லாவற்றையும் ஒரு வட்டில் ஏற்றி
தேயிலை டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.
செருகியே வைத்திருந்தால் அதுவும் போயிருக்கும்.
பிப்ரவரிக்குப் பிந்திய கூரைகள் போனவை போனவைதான்.

வங்கிக்கு ஒரு கடவுச்சொல்.
அஞ்சலுக்கும் அதே. ஆணிக்கடைக்கும் அதே.
“ஒரு தகட்டுக்கு எத்தனை ஆணி அடிப்பாய்?”
“பதினெட்டு.”
“ஒன்றே ஒன்று அடித்துவிட்டு இறங்கிவிட்டால்?”

பதில் தேடி அண்ணாந்தேன். கூரைப் பலகையில்
ஒரு தீவு அளவுக்குப் பழுப்புக் கறை.
அலமாரிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் வாளி,
கால்வாசி நிரம்பி.
“எத்தனை நாளாய்?”
“ஜூன்.”
“ஏப்ரலிலேயே போன் பண்ணினேனே, வந்து பார்க்கிறேன் என்று.”
அவள் விசைப்பலகையைத் துடைத்தாள், சுத்தமாய் இருந்ததை.
“பிறகு என்றேன்.”

வெள்ளிக்கிழமை விடிகாலை காற்று நின்றது.
நான் மேலே, அவள் கீழே.
புதுப்பிப்பு அறுபத்துமூன்று விழுக்காடு என்று கத்தினாள்.
நான் ஒன்பதாவது தகடு என்று கத்தினேன்.
வங்கிக்குத் தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்து
நேற்றே புதுக் கடவுச்சொல் வைத்தாயிற்று;
இனி இரண்டாவது பூட்டு.
சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது, ஆறு எண்கள்.

“என்ன எண்?” கீழிருந்து நெலிதா.

யாருக்கும் சொல்லாதே, வங்கிக்காரனுக்கும்,
எனக்கும் என்று
இரண்டு முறை சொன்னவள் அவள்.
வாயில் மூன்று ஆணி. தலையை மட்டும் ஆட்டினேன்.
ஏணியில் இறங்கி, தார்க்கையைக் காற்சட்டையில் தேய்த்து,
நானே தட்டினேன், ஒவ்வொன்றாய்.

அவள் சிரித்தாளா, சரியாகப் பார்க்கவில்லை.
மேலே ஓர் ஆணி பாக்கி.
காற்று கிளம்பிவிட்டது.